மருத்துவக் கருப்பொருளில் மாணவர் மென்பொருள் போட்டி: எல்லையோர அணிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் வாக்கப்பட்ட பெண், தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் பொள்ளாச்சிப் பக்கம் தாய்வீட்டுக்கு வருகிறாள். கையில் தாய்சேய் அட்டை. அச்சு மலையாளத்தில், டாக்டரின் குறிப்பு கிறுக்கல் ஆங்கிலத்தில், நர்ஸின் குறிப்பு மறுபடி மலையாளத்தில். இந்தப் பக்கத்துக் கிராம சுகாதாரச் செவிலியருக்கு எண்கள் விளங்கும், மீதி விளங்காது. அதனால் ரத்தம் மறுபடி எடுக்கப்படுகிறது, பிக்மி நம்பருக்காக (தமிழ்நாட்டின் கர்ப்பப் பதிவு எண்) பழைய கதை முழுக்க மறுபடி கேட்கப்படுகிறது.

சென்னையிலோ கொச்சியிலோ இருக்கும் அணிக்கு இந்தச் சிக்கல் கண்ணில் படாது. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் வளர்ந்த மாணவருக்கு வீட்டிலேயே தெரியும். மருத்துவப் போட்டிகளில் எல்லையோர அணியின் கையிருப்பு இதுதான். இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஓர் உதாரணத்தையே பிடித்துக்கொண்டு போகிறோம். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்து அணிகள் மலையாளம் என்று வரும் இடத்தில் தெலுங்கு என்று படித்துக்கொள்ளலாம்.

எந்தப் போட்டி, என்ன விதி

மாணவர் அணியாகச் சேர்ந்து மென்பொருள் வடிவமைக்கும் போட்டிகளுக்குப் பெரிய முன்னோடி மைக்ரோசாஃப்ட்டின் இமேஜின் கப். 2003-ல் பார்சிலோனாவில் தொடங்கியது. 2006-ல் இறுதிச்சுற்று இந்தியாவில் நடந்தபோது கருப்பொருளே உடல்நலம்தான். இன்று நம் மாணவர்கள் அதிகம் போவது 2017-ல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கு. அணிக்கு 6 பேர், அதில் குறைந்தது ஒருவர் பெண், எல்லோரும் ஒரே கல்லூரி. முதலில் கல்லூரிக்குள் ஒரு சுற்று, பிறகு யோசனையை ஸ்லைடுகளாக அனுப்புவது, தேறினால் மென்பொருள் பிரிவுக்கு 36 மணி நேர இறுதிச்சுற்று. தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் நான் முதல்வன் திட்டத்தின் நிரல் திருவிழா இருக்கிறது. கேரளக் கல்லூரி என்றால் கேரள அரசின் புத்தாக்க அமைப்பான கே-டிஸ்க் நடத்தும் யங் இன்னொவேட்டர்ஸ் புரோகிராம். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்த வருஷத்து அறிவிப்பை அச்செடுத்து, ஆள் எண்ணிக்கை, கடைசித் தேதி, ஸ்லைடு வரம்பு மூன்றையும் அடிக்கோடிட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள். நல்ல யோசனை ஸ்லைடு வரம்பைத் தாண்டியதால் தள்ளுபடியாவது புதுசு இல்லை.

அணியில் நான்கு பேருக்கு மேல் கோடு (நிரல்) எழுதக் கூடாது என்பது எங்கள் கருத்து. ஆறு பேரில் ஒருவர் முழுநேரமும் நர்ஸ், ஆஷா (ஊரிலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளர்), தாய்மார் பக்கம் இருக்க வேண்டும். இன்னொருவர் சோதனையும் ஆவணமும். நர்ஸிங் மாணவி வேறு கல்லூரியில் இருந்தால் அணியில் சேர்க்க முடியாத இடத்திலும் ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம். அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து திருத்தினால் இரண்டு வாரக் குழப்பம் தீரும்.

முதல் இரண்டு வாரம்: கோடு கிடையாது

துணை சுகாதார நிலையத்துக்கோ பி.எச்.சி.க்கோ போகுமுன் கல்லூரிக் கடிதத்தோடு மெடிக்கல் ஆபீசரைப் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ‘படிக்கிற பிள்ளைங்கதானே’ என்று சிஸ்டர் உள்ளே விட்டுவிடலாம். பின்னால் கேள்வி வந்தால் மாட்டுவது அவர்தான். பதிவேட்டைப் போட்டோ எடுக்கவே கூடாது. வெற்றுப் படிவம் கேட்டால் கொடுப்பார்கள், அது போதும்.

‘சிஸ்டர், ஒரு ஆப் செய்து தந்தால் உபயோகப்படுமா?’ என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வார். ‘கடைசியாக அந்தப் பக்கத்திலிருந்து வந்த கேஸுக்கு முதலில் எந்த நோட்டைத் திறந்தீர்கள்? அட்டையில் எதைத் தேடினீர்கள்? கிடைக்காததற்கு என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஷா சேச்சியிடமும் இதையே மலையாளத்தில் கேளுங்கள். கேரளத்தில் ஆஷாக்கள் ஷைலி ஆப்பில் 30 வயது கடந்தவர்களின் விவரம் பதிந்து பழகியவர்கள். எந்தத் திரை கையைக் கடிக்கும், எது ஓடும் என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரியும்.

மூன்று எண்களோடு திரும்பி வந்தால் போதும். ஒரு பெண்ணுக்கு ஒரே விவரத்தை எத்தனை இடத்தில் எழுதுகிறார்கள், மறுபதிவுக்கு எத்தனை நிமிடம், அட்டையில் எத்தனை கட்டம் படிக்க முடியாமல் போகிறது. ஐந்து பேரிடம் கடிகாரம் வைத்துப் பார்த்த நிமிடக் கணக்கு, இணையத்தில் எடுத்த நூறு புள்ளிவிவரத்தைவிட நடுவரிடம் எடுபடும்.

பிறகு சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: ‘மலையாள அட்டையோடு வரும் கர்ப்பிணியின் 12 அத்தியாவசிய விவரங்களை, சிக்னல் இல்லாத இடத்திலும், ஒரு நிமிடத்துக்குள் தமிழில் நர்ஸ் பார்க்க வேண்டும்.’ இதில் இல்லாத எதையும் செய்ய வேண்டாம். சாட்பாட், யோகா வீடியோ, ஆம்புலன்ஸ் பட்டன் எல்லாம் நான்காம் வாரத்தில் யாராவது கொண்டுவருவார்கள். 108 ஏற்கெனவே இருக்கிறது.

விவரம் எது, எப்படி வைப்பது

இந்த உதாரணத்தில் சர்வரே வேண்டாம். அட்டையின் பின்பக்கம் ஒட்டும் க்யூஆர் ஸ்டிக்கருக்குள்ளேயே விவரம் இருக்கட்டும். பெரும்பாலான அணிகள் இங்கேதான் சறுக்குகின்றன: தமிழ் வாக்கியங்களை அப்படியே க்யூஆரில் திணிப்பார்கள். கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (‘ஹீ’ என்றால் ஹ, ஈகாரக் குறி என இரண்டு) 3 பைட். ‘ஹீமோகுளோபின்’ என்ற ஒரு சொல்லுக்கே 12 குறிகள், 36 பைட். சொல்லை விட்டு எண்ணை மட்டும் வையுங்கள்:

1:24:150326:1:0:3:98:020826:118:76:020826:2

இடமிருந்து: படிவ எண், வயது, கடைசி மாதவிடாய் தேதி, எத்தனாவது கர்ப்பம், முந்தைய பிரசவம், ரத்த வகைக்கான குறியெண், ஹீமோகுளோபின் 9.8, அது பார்த்த தேதி, ரத்த அழுத்தத்தின் மேல் எண், கீழ் எண், பார்த்த தேதி, டிடி ஊசி எத்தனை. மொத்தம் 43 எழுத்து. இந்தப் பக்கம் ஸ்கேன் செய்தால் தலைப்புகள் தமிழில் வரும், அந்தப் பக்கம் மலையாளத்தில். மொழிபெயர்ப்பே தேவையில்லை, இரண்டு மொழிக்கும் ஒரு சொற்பட்டியல் போதும்.

பிரிப்பதற்கு முக்காற்புள்ளியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. க்யூஆரின் எண்ணெழுத்து முறையில் முக்காற்புள்ளி இருக்கிறது, அரைப்புள்ளி இல்லை. 33 கட்டத்துக்கு 33 கட்டம் உள்ள நான்காம் பதிப்பில், 25 சதவீதம் சேதம் தாங்கும் அளவில், எண்ணெழுத்து முறை 67 எழுத்து கொள்ளும். அரைப்புள்ளி போட்டால் பைட் முறைக்குப் போய் 46-ல் நின்றுவிடும். மிச்சமாகும் இடத்தில் சரிபார்ப்பு எண் இரண்டு இலக்கம் சேருங்கள். ஸ்டிக்கரை 3 செ.மீ. அகலத்தில், சுற்றிலும் நான்கு கட்ட அளவு வெள்ளை விளிம்போடு அச்சிட்டால் ஒரு கட்டம் 0.7 மி.மீ. சொச்சம் வரும். சாதாரண போன் கேமராவுக்கு அது தாராளம். மடிப்பு விழும் இடத்தில் ஒட்டக் கூடாது. பளபளக்கும் லேமினேஷன் டியூப் லைட்டைத் திருப்பி அடித்துக் கேமராவைக் குருடாக்கும். மேட் ரகம் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே எது இருக்கக் கூடாது என்பது இதைவிட முக்கியம். அந்த ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஸ்கேன் செய்யலாம், மாமியார் வீட்டில் யாரும்கூட. ஆகவே பெயர், போன் நம்பர் வேண்டாம். ஹெச்ஐவி பரிசோதனை முடிவு கூடவே கூடாது. 2017-ம் வருஷத்து ஹெச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் அந்த ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. அல்ட்ராசவுண்டு ஸ்கேன் விவரம் சேர்க்கிறேன் என்று சிசுவின் பாலினத்துக்கு ஒரு கட்டம் வைத்துவிட்டால் சிசுவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் வருஷத்துச் சட்டப்படி அது குற்றத்தின் வாசல். நடுவர் குழுவில் மகப்பேறு டாக்டர் இருந்தால் முதலில் அவர் கண் போவது அங்கேதான்.

தேதியில் ஒரு பொறி

கடைசி மாதவிடாய் 15-03-2026 என்றால் பிரசவ தேதி என்ன? கோடு எழுதுபவர் 280 நாள் கூட்டுவார்: 20-12-2026. சிஸ்டர் விரலை மடக்கி 9 மாதமும் 7 நாளும் கூட்டுவார்: 22-12-2026. இரண்டு நாள் வித்தியாசம். மருத்துவத்தில் அது பெரிய விஷயமில்லை, ஆனால் சிஸ்டருக்கு உங்கள் ஆப் ‘தப்பாகக் கணக்குப் போடுது’ என்று ஆகிவிடும், அதற்குப் பிறகு எதையும் நம்ப மாட்டார். அவர்கள் பதிவேட்டில் எந்த முறை இருக்கிறதோ அதையே வையுங்கள், உதவிப் பக்கத்தில் எந்த முறை என்று எழுதுங்கள். தேதியைத் திரையில் 03/04 என்று காட்டாதீர்கள். ‘3 ஏப்ரல்’ என்று மாதப்பெயரோடு காட்டுங்கள்.

அளவுகளுக்கும் வேலி போடுங்கள். 9.8-ஐ 98 என்று தட்டுவது தினசரி நடப்பு. ஹீமோகுளோபின் 3-க்குக் கீழோ 18-க்கு மேலோ போனால் மறுபடி கேட்க வேண்டும். கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழ் ரத்தசோகை, 7-க்குக் கீழ் கடுமையானது, ரத்த அழுத்தம் 140/90 எட்டினால் எச்சரிக்கை. இந்த வரம்புகளை நிறத்தோடு சேர்த்துச் சொல்லாகவும் காட்டுங்கள். வெயிலில் நின்று பார்க்கும் மலிவு போனில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றுதான். ஆப் நோய் பெயர் சொல்லக் கூடாது, மருந்து சொல்லவே கூடாது. ‘டாக்டரிடம் காட்டவும்’ என்ற மட்டில் நிறுத்துங்கள். நோயைக் கண்டறியும் மென்பொருள் இந்தியாவில் 2020 ஏப்ரலிலிருந்து மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. நடுவர் இதைக் கேட்டால், தெரிந்தே ஒதுங்கியிருக்கிறோம் என்று சொல்ல முடிய வேண்டும்.

மொழி சார்ந்த பிழைகள்

எல்லையோர அணி ஜெயிப்பதும் தோற்பதும் இந்த இடத்தில். ஸ்டிக்கரில் பெயர் வேண்டாம் என்றோம். ஆனாலும் ஆப்பில் பெயர் வைத்துத் தேடும் வசதி செய்தால், இந்தப் பக்கம் ‘எம். செல்வி’, அந்தப் பக்கம் ‘செல்வி எம்.’ என்று ஒரே ஆள் இரண்டாக நிற்பார். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல், அந்தப் பக்கம் வீட்டுப்பெயர் இனிஷியல். தமிழில் ஒரே ‘க’ எழுதும் இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்தில் ஒன்று வரும், அதனால் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் பொருந்தாது. இனிஷியலைத் தனிக் கட்டமாகப் பிரித்துவிட்டு, பெயரும் கடைசி மாதவிடாய் தேதியும் சேர்ந்து பொருந்துபவர்களைப் பட்டியலிட்டு, ‘இவரா?’ என்று நர்ஸையே தேர்ந்தெடுக்க விடுங்கள். ஆப் தானாகச் சேர்த்துவிடக் கூடாது. இரண்டு செல்விகளின் ரத்த வகை கலந்தால் அது வேறு கதை.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று: ‘பொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், தேடினால் ‘பொன்னி’ கிடைக்கமாட்டாள். சேமிக்குமுன் எல்லாச் சொல்லையும் யூனிகோடு என்எஃப்சி வடிவத்துக்கு மாற்ற ஒரு வரி போதும். உயிரில்லாத மெய்யைக் காட்டும் மலையாளச் சில்லெழுத்துக்கும் பழைய முறை, 2008-க்குப் பிந்தைய முறை என்று இரண்டு உண்டு. அதை என்எஃப்சி சரிசெய்யாது, நீங்களே ஒரு மாற்றுப்பட்டியல் எழுத வேண்டும்.

பிடிஎஃப் அறிக்கை தயாரிக்கும் சிறு நிரலகங்கள் பல, தமிழ் எழுத்துருவைச் சேர்த்தாலும் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் வேலை அவற்றில் இல்லை. பக்கத்தை உலாவியில் காட்டி, உலாவியின் அச்சு வழியாகவே பிடிஎஃப் எடுத்தால் சரியாக வரும்.

எஸ்எம்எஸ் நினைவூட்டல் வைக்க ஆசைப்பட்டால் கணக்குப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழுக்கு 70 குறிதான், நீண்டால் துண்டுக்கு 67. ‘இரவு மாத்திரை’ என்று எழுதினாலே 13 குறி போய்விடும். தவிர, மொத்தமாகச் செய்தி அனுப்பத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்யும் டிஎல்டி பதிவு வேண்டும், அது நிறுவனங்களுக்கானது. போட்டி மேடையில் உங்கள் சொந்த போனிலிருந்து ஒன்று அனுப்பிக் காட்டுவதோடு விடுங்கள்.

சோதனைத் தரவு

உண்மையான நோயாளி ஒருவரின் விவரம்கூட லேப்டாப்பில் இருக்கக் கூடாது. 2023-ம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, அதன்படி நடந்ததைக் காட்டவும் வேண்டும். 40 கற்பனைப் பெண்களை உட்கார்ந்து உருவாக்குங்கள். அதில் வேண்டுமென்றே வம்பு வையுங்கள்: ஒரே பெயரில் மூவர், கடைசி மாதவிடாய் தேதி தெரியாத ஒருவர், இரட்டைக் கர்ப்பம், ஊசி போட்ட தேதி நாளைய தேதியாக இருக்கும் ஒருவர். போன் நம்பர் கட்டத்தில் பத்து இலக்கத்தைச் சும்மா தட்டாதீர்கள். அது யாரோ ஒருவரின் நம்பராக இருக்கும், சோதனைச் செய்தி அவருக்குப் போகும்.

செயற்கை நுண்ணறிவு சேர்த்தே ஆக வேண்டும் என்று கல்லூரி வற்புறுத்தினால் ஒரே எச்சரிக்கை. 1000 பேரில் 50 பேருக்கு ஆபத்து என்றால், எல்லோரையும் ‘ஆபத்தில்லை’ என்று சொல்லும் மட்டமான நிரலுக்கும் 95 சதவீதத் துல்லியம் வரும். அந்த 50 பேரில் எத்தனை பேரைத் தவறவிட்டது என்ற எண்ணை முதலில் சொல்லுங்கள்.

போட்டி அரங்கில்

அதிகம் பேர் கவிழும் இடம் கேமரா. லேப்டாப்பில் க்யூஆர் ஸ்கேனர் அழகாக ஓடும். அதே பக்கத்தை போனில் 192.168 என்று தொடங்கும் முகவரியில் திறந்தால் கேமரா எழவே எழாது, ஆஃப்லைன் சேமிப்பும் வேலை செய்யாது. பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் இணைப்பிலோ லோக்கல்ஹோஸ்ட்டிலோ மட்டும்தான் உலாவி இவற்றை அனுமதிக்கும். முந்தைய வாரமே ஏதாவதொரு இலவச ஹோஸ்டிங்கில் ஹெச்டிடிபிஎஸ்ஸோடு ஏற்றி, போனில் ஒருமுறை திறந்து, ஏரோபிளேன் மோடில் போட்டு மறுபடி திறந்து பாருங்கள். அவசரத்துக்கு யூஎஸ்பி கேபிள் வழியாகக் குரோமின் போர்ட் ஃபார்வர்டிங் கைகொடுக்கும்.

36 மணி நேரத்தைப் பிரிப்பதில் எங்கள் பரிந்துரை: முதல் 3 மணி நேரம் திரைகளைக் காகிதத்தில் வரைவது, 12-ம் மணிக்குள் ஸ்கேன் முதல் தமிழ்த் திரை வரை ஒரே பாதை முழுசாக ஓடுவது, 24-க்குள் தவறான உள்ளீடுகள், 30-க்குப் பிறகு புது வசதி எதுவும் இல்லை. ஓடிய கடைசிப் பதிப்பைத் தனியே குறித்து வையுங்கள். 35-ம் மணியில் செய்யும் ‘சின்னத் திருத்தம்’ எதையாவது இழுத்துப் போட்டுவிடும். ஆளுக்கு 4 மணி நேரத் தூக்கம் கட்டாயம், முறை வைத்து. சர்வர் வைக்கும் அணிகளுக்கு: இலவசச் சர்வர்கள் சும்மா கிடந்தால் தூங்கிவிடும். மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன் ஒருவர் தட்டி எழுப்ப வேண்டும். 90 வினாடி வீடியோ ஒன்று போனிலேயே இருக்கட்டும். அச்சிட்ட ஸ்டிக்கர் ஐந்து, அதில் ஒன்று கசங்கியது, ஒன்று மஞ்சள் தடவியது. கசங்கியதை நடுவர் கையிலேயே கொடுத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

கேள்விகள் பெரும்பாலும் இப்படி வரும். விவரத்தை யார் பதிவார், அவருக்கு எத்தனை நிமிடம் கூடுதல் வேலை? அரசின் ஆபா (ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு) எண்ணோடு எப்படி இணையும்? அட்டை தொலைந்தால்? முதல் கேள்விக்கு உங்கள் கடிகாரக் கணக்கு பதில். இரண்டாவதற்கு, 14 இலக்க ஆபா எண்ணுக்கு ஆப்பில் ஒரு கட்டம் ஒதுக்கியிருப்பதையும், ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் சோதனைத் தளத்தில் அடுத்து என்ன செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இணைத்துவிட்டோம் என்று கதை விடாதீர்கள். மூன்றாவதற்கு நேரடியாக, ‘பழைய முறைப்படி மறுபடி கேட்க வேண்டியதுதான், ஸ்டிக்கர் மறுபடி அச்சிட வேண்டும்’ என்றே சொல்லலாம்.

பேச்சை ஆங்கிலத்தில் தயாரித்தாலும் திரையைக் காட்டும் அந்த இரண்டு நிமிடத்தில் மலையாளத் திரையை ஒருவரும் தமிழ்த் திரையை ஒருவரும் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்தவர்கள் செய்தது என்பதைத் தனியாகச் சொல்லவே வேண்டியிருக்காது.

முடிவு எதுவானாலும் அந்த வாரமே சப்-சென்டருக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். நர்ஸ் போனில் போட்ட சோதனைப் பதிப்பை நீக்குங்கள், ஒட்டிய மாதிரி ஸ்டிக்கர்களை உரித்து எடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து யாரோ அதை ஸ்கேன் செய்து, கற்பனைப் பெண்ணின் ரத்த வகையை உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். அனுமதிக் கடிதத்தின் நகலில் நீக்கிய தேதியை எழுதி மெடிக்கல் ஆபீசரிடம் ஒன்று கொடுங்கள், அடுத்த வருஷத்து ஜூனியர்களுக்கு ஒன்று எடுத்து வையுங்கள்.